ஒரே படகு, மூன்று ஆய்வுகள்: புதிதாக ஆய்வுக்கு வருபவர்களுக்கு

“சார், ஒரு டாபிக் சொல்லுங்க.” ஆய்வுக்கு வரும் மாணவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தலைப்பு கொடுப்பது பெரிய காரியமில்லை. டீ குடித்து முடிப்பதற்குள் பத்துத் தலைப்பு சொல்லிவிடலாம். தொல்லை அதற்கு அப்புறம்தான் தொடங்கும். ஒரே தலைப்பைப் பொறியியல் துறையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு கேள்வி வரும், ஊரக வளர்ச்சித் துறையில் கொடுத்தால் வேறொரு கேள்வி வரும், புவிசார் அரசியல் படிக்கும் இடத்தில் கொடுத்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது கேள்வி வரும். ஓரிடத்தில் “நல்ல சான்று” என்று ஏற்றுக்கொள்வதை இன்னோரிடத்தில் “இதெல்லாம் சான்றா?” என்று ஒதுக்கிவிடுவார்கள். துறை மாறி வருபவர்கள் முதல் வருடம் முழுக்க முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான். பொறியியலிலிருந்து ஊரக வளர்ச்சிக்கு வந்த நானும் அப்படி நின்றவன்தான்.

இந்தக் கட்டுரை அந்த முதல் வருடத்துக்கானது. பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போகிறேன். பாக் விரிகுடாவில் மீன்பிடிக்கும் விசைப்படகு. ராமேஸ்வரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம் ஆகிய கரைகளில் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடக்கும் அதே படகுதான். உங்கள் விஷயம் சோலார் பம்பாகவோ சாலையாகவோ மின்கம்பியாகவோ இருக்கலாம். படகு இருக்கும் இடத்தில் அதை வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: தலைப்பைத் தள்ளி வைத்துவிட்டுக் கேள்வியை எழுதுங்கள்

“பாக் விரிகுடா மீனவர் பிரச்சினை: ஓர் ஆய்வு” என்பது தலைப்பு. அதில் கேள்வி எதுவும் இல்லை. கேள்வி என்றால் பதில் தெரிந்ததும் “ஓ, அப்படியா” என்றோ “இல்லையே, நான் வேறு மாதிரி நினைத்தேன்” என்றோ ஒருவர் சொல்ல முடிய வேண்டும். படகுக்கு மூன்று கேள்விகள் எழுதிப் பார்ப்போம்.

பொறியியல் மாணவர் இப்படிக் கேட்கலாம்: இழுவை மடியின் (படகு பின்னால் இழுத்துப்போகும் பை வலையின்) கடைசிப் பையில் வழக்கமான சாய்சதுரக் கண்ணிக்குப் பதில் சதுரக் கண்ணி வைத்தால் குஞ்சு மீன் எவ்வளவு தப்பும்? பின்னணி எளிமையானதுதான். மடியை இழுக்கும்போது சாய்சதுரக் கண்ணி நீளவாக்கில் இழுபட்டு மூடிக்கொள்ளும். அதே வலையைச் சதுரமாகத் திருப்பிக் கட்டினால் இழுவையிலும் கண்ணி திறந்தே இருக்கும். அப்படியானால் சங்காயம் என்று கரையில் தனியாகக் குவிக்கிறார்களே, மீன் தூளுக்குப் போகும் பொடிக் குப்பை மீன், அது எவ்வளவு குறையும்? படகுக்காரர் விற்கும் நல்ல மீனும் இறாலும் அதோடு எவ்வளவு போகும்?

ஊரக வளர்ச்சி மாணவரின் கேள்வி வேறு. பாக் விரிகுடாவில் இழுவைப் படகுகளைக் குறைத்து, மீனவர்களை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு அனுப்ப 2017-ல் ஒரு திட்டம் வந்தது. இலக்கு 2,000 படகுகள். ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அதில் மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, பயனாளி 10. அதாவது பயனாளி கையிலிருந்து 8 லட்சம் போட வேண்டும், 16 லட்சம் கடன் வாங்க வேண்டும். கேள்வி இதுதான்: ஒரு படகுக் குடும்பம் எதைக் கணக்குப் பார்த்து அந்தத் திட்டத்தில் சேர்கிறது, அல்லது சேராமல் ஒதுங்குகிறது? சொந்தப் படகு இல்லாமல் பங்குக்குக் கடலுக்குப் போகும் தொழிலாளிக்கு அதில் என்ன இருக்கிறது?

மூன்றாமவர் கரையில் நிற்கவே தேவையில்லாதவர் போலத் தெரிவார். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவரின் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்து வந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்த ஒப்பந்தம் வந்தது. அதை ஒட்டி இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டு நீர்ப்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்று இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் இருபத்தோரு மாதம். அந்த மாதங்களில் என்ன நடந்தது? யார் எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள்?

உங்கள் விஷயத்துக்கும் இப்படி மூன்று கேள்விகளை ஒரே தாளில் எழுதுங்கள். எந்தக் கேள்விக்காக ராத்திரி தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறதோ, அநேகமாக அதுதான் உங்கள் துறை. கையில் இருக்கும் பட்டச் சான்றிதழ் வேறு எதையாவது சொல்லலாம். அதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: உங்கள் துறையில் எது சான்று என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில் நிறைய நேரம் செலவழியுங்கள். மற்ற படிகளெல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

பொறியியலில் சான்று என்பது அளவு, அதுவும் திரும்பவும் எடுக்கக்கூடிய அளவு. சதுரக் கண்ணி வலையைப் போட்டு ஒருநாள் இழுத்துவிட்டு “சங்காயம் குறைந்தது” என்று எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்குக் கடலில் குஞ்சு மீனே இல்லாமல் இருந்திருக்கலாமே. அதனால் கடைசிப் பையைச் சுற்றி நெருக்கமான கண்ணியுள்ள இன்னொரு பையை உறைபோல மாட்டுகிறார்கள். உள்ளே தங்கியது ஒரு பக்கம், தப்பியது உறையில் இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியாகக் கொட்டி ஒவ்வொரு மீனின் நீளத்தையும் அளக்கிறார்கள். எந்த நீளத்தில் பாதி மீன் தங்கிப் பாதி தப்புகிறதோ அந்த நீளம்தான் அந்தக் கண்ணிக்கான விடை. உறையே நீரோட்டத்தைத் தடுத்து முடிவைக் கெடுக்காதா என்று அடுத்த ஆள் கேட்பார். கேட்க வேண்டும். அந்தச் சந்தேகத்துக்கும் அளவெடுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பொறியியல் ஆய்வு இப்படிச் சந்தேகங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போகும் வேலை.

ஊரக வளர்ச்சிக்கு வந்தபோது எனக்கு முதல் அடி இங்கேதான் விழுந்தது. கையில் நாற்பது கேள்விகள் கொண்ட படிவம். மூன்றாவது கேள்வி, “மாத வருமானம் எவ்வளவு?” திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, எங்களுக்கு மாசக் கணக்கு ஏது? பாட்டுக் கணக்குத்தான்.” பாடு என்றால் ஒரு முறை கடலுக்குப் போய்வருவதும் அதில் கிடைக்கும் மீனும். ஒவ்வொரு பாட்டிலும் டீசல், ஐஸ், அரிசி பருப்புச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். பங்கு விகிதம் ஊருக்கு ஊர் மாறும். பாடு இல்லாத வாரத்தில் பங்கே இல்லை. ஏற்கெனவே முதலாளியிடம் வாங்கிய முன்பணம் வேறு நிற்கும். இதையெல்லாம் ஒரு கட்டத்துக்குள் “ரூ. ____” என்று அடைக்கச் சொன்ன என் படிவம் எந்த உலகத்துக்கானது என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, “போன பாட்டுக்கு எப்ப போனீங்க, என்ன கிடைச்சது, கையில எவ்வளவு வந்தது” என்று புதிதாக எழுதினேன்.

ஊரக ஆய்வில் சான்று என்பது யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், யார் பக்கத்தில் இருக்கும்போது சொன்னார்கள் என்பதோடு சேர்ந்தது. ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983-ல் இதைச் சுட்டிக்காட்டினார். நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போகிறவர் ஆறு விதமாகச் சாய்ந்துவிடுகிறார் என்றார் அவர். தார்ச்சாலை ஓரத்து ஊருக்கே போவது, திட்டம் நடக்கும் இடத்தை மட்டும் பார்ப்பது, ஊர்ப் பெரிய மனிதர்களிடமே பேசுவது, மழையில்லாத நல்ல காலத்தில் மட்டும் போவது, மரியாதை கருதி ஏழை வீட்டுப் பக்கம் போகாமல் இருப்பது, தன் படிப்புக்குள் அடங்குவதை மட்டும் கவனிப்பது. நாற்பது வருடம் ஆகிவிட்டது, ஒன்றுகூட மாறவில்லை. கடற்கரைக்கும் இது அப்படியே பொருந்தும். பெரிய படகுத்துறையில் இறங்கிச் சங்கத் தலைவரிடம் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பினால், கருவாடு விற்கும் பெண்ணும் நாட்டுப்படகுக்காரரும் உங்கள் ஆய்வில் இருக்கவே மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. கிராமத்தைப் பற்றிய சான்று காலத்தோடு கூடக் கூட மதிப்பு ஏறும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். அவற்றில் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இருவேல்பட்டு. 1930-களில் மறுபடி போனார்கள், 1980-களில் போனார்கள், 2008-லும் போனார்கள். ஒரே ஊர், ஏறத்தாழ நூறு வருடம். மாணவர்கள் அன்று எழுதி வைத்த நிலக்கணக்கும் கூலிக்கணக்கும் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்ததால்தான் அது முடிந்தது. ஆகவே உங்கள் களக்குறிப்பை யாரோ ஒருவர் 2060-ல் எடுத்துப் படிப்பார் என்று நினைத்துத் தேதி போட்டு, அளவு போட்டு, தெளிவாக எழுதி வையுங்கள்.

புவிசார் அரசியலில் அளவும் இல்லை, திண்ணையும் இல்லை. பெரும்பாலும் காகிதம்தான். ஒப்பந்தத்தின் மூலப் பிரதி, நாடாளுமன்றக் குறிப்பு, தூதரகத் தந்தி, ஓய்வுபெற்ற அதிகாரியின் நினைவு. ஒவ்வொன்றும் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்காமல் அதைச் சான்றாக வைக்க முடியாது. ஓய்வுபெற்றவர் எழுதும் நினைவுக்குறிப்பில் அவர் ஒருபோதும் தப்பே செய்திருக்க மாட்டார்! 1976 கடிதங்களைப் படிக்கும்போது, அந்த வருடம் ஜனவரி 31-ல் தமிழ்நாட்டின் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது, நாட்டில் அவசர நிலை இருந்தது, ஆகவே எதிர்த்துப் பேச மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இல்லை என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆனால் உஷார். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்பதாலேயே ஒன்றால் மற்றது நடந்தது என்றாகிவிடாது. அதைக் காட்டக் காகிதம் வேண்டும். காகிதம் கிடைக்காவிட்டால் “இப்படி இருந்திருக்கலாம்” என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தத் துறைக்கு வருபவர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். டிவி விவாதத்தில் ஒரு நிமிடத்தில் சொல்வதை ஆய்வேட்டில் சொல்ல ஒரு அத்தியாயம் ஆகும்.

மூன்றாம் படி: வாசிப்பு

எங்கே படிப்பது என்பது இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அங்கே போங்கள். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே நாலு பேர் ஆய்வேடு எழுதியிருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அவர்கள் எதைக் கேட்காமல் விட்டார்கள் என்று பாருங்கள். ஆய்விதழ்களுக்கு, 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் சுமார் 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கலாம். உங்கள் கல்லூரி அதில் இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கே ஒரு பணிவான மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியாக அனுப்பிவைப்பார்கள். தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறாரே என்ற மகிழ்ச்சி அது.

கூகுள் ஸ்காலரில் ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால், அதன் கீழே ‘மேற்கோள் காட்டியவர்கள்’ என்பதைத் தட்டிப் பின்னால் வந்தவற்றையும் பாருங்கள். கட்டுரையின் இறுதிப் பட்டியல் பழையதைக் காட்டும், இது புதியதைக் காட்டும்.

எந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவது என்பதிலும் துறைக்குத் துறை வித்தியாசம் இருக்கிறது. பொறியியல் கட்டுரையில் நான் முதலில் படங்களையும் அட்டவணைகளையும் பார்ப்பேன். அங்கே பிழைக்கோடு (அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் கோடு) எவ்வளவு அகலம் என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஊரக ஆய்வில் கடைசியில் இருக்கும் கேள்விப் படிவத்தைத் தேடுவேன். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று தெரியாமல் பதிலுக்கு மதிப்பில்லை. புவிசார் அரசியலில் அடிக்குறிப்பு. ஆவணக் காப்பகக் கோப்பு எண்கள் இருக்கின்றனவா, செய்தித்தாள் மட்டுமா என்பதிலேயே எழுதியவரின் உழைப்பு தெரியும்.

தமிழில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு மீன்வளத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது தமிழிலும் வருகிறது. இலங்கைத் தமிழ் இதழ்களையும் பழைய செய்தித்தாள்களையும் நூலகம் என்ற இணைய நூலகம் சேர்த்து வைத்திருக்கிறது. போர் முடிந்த 2009-க்குப் பிறகு வடக்கில் மீண்டும் கடலுக்குப் போன மன்னார், யாழ்ப்பாண மீனவர்கள், இந்திய இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் சொல்வதும் தமிழில்தான் இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரைகளில் ‘இலங்கைத் தரப்பு’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோகும் மனிதர்கள் இவர்கள். பாக் விரிகுடா பற்றி எழுதுகிறவர் கரையின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதினால், அது எந்தத் துறையில் இருந்தாலும் அரை ஆய்வுதான்.

புள்ளிவிவரத்துக்கு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2005, 2010, 2016 ஆண்டுகளில் எடுத்த கடல் மீனவர் கணக்கெடுப்புகள் உதவும். (1947-ல் தொடங்கப்பட்ட இந்த நிலையம் கொச்சிக்குப் போகும் முன் மண்டபத்தில்தான் இருந்தது.) மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் 2011-க்குப் பின் வரவேண்டியது தள்ளிப்போய்விட்டதால், பழைய எண்ணைப் புதியதுபோல எழுதாமல் ஆண்டைப் போட்டு எழுதுங்கள்.

நான்காம் படி: களம்

பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று கடலைப் பங்கிட்டிருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கல்லூரி விடுமுறையும் மே மாதம்தான் என்பதால் மாணவர்கள் சரியாகத் தடைக்காலத்தில் போய் இறங்குவார்கள். பொறியியல் மாணவருக்கு அது வீண் பயணம், வலை கடலுக்கே போகாது. ஊரக ஆய்வாளருக்கு அதில் ஒரு லாபம் உண்டு. ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டே மனம்விட்டுப் பேசுவார்கள். ஆனால் அந்த இரண்டு மாதத்துக் கடனையும் கவலையையும் வருடம் முழுவதற்குமான நிலை என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. சேம்பர்ஸ் சொன்ன பருவச் சாய்வு இங்கே தலைகீழாக வருகிறது. இரண்டு பருவத்திலும் போங்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் சங்கத்திடமோ ஊர்த் தலைவரிடமோ சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அனுமதி என்பதை விட, “யார் இந்த ஆள், இன்டலிஜென்ஸா, பத்திரிகையா” என்ற சந்தேகம் தீர அது வேண்டும். அண்ணே, அக்கா, ஐயா என்று கூப்பிடுங்கள். வருமானத்தையும் கடனையும் கடைசியில் கேளுங்கள், முடிந்தால் இரண்டாவது சந்திப்பில். ஏலம் நடக்கும்போது யாரையும் நிறுத்திப் பேட்டி எடுக்காதீர்கள்.

படகில் அளவெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். ஆடும் தளத்தில் சாதாரணத் தராசு உருப்படியாக எடை காட்டாது. தளத்தில் கூடைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, மாதிரிக் கூடைகளைக் கரைக்குக் கொண்டுவந்து எடை போடுவதுதான் நடைமுறை. படகுக்காரருக்கு உங்கள் பரிசோதனையால் பாடு குறைந்தால் யார் ஈடு செய்வது என்பதை முன்னமே பேசி, ஆய்வுத் திட்டத்தின் செலவுப் பட்டியலில் அதற்கு ஒரு வரி போடுங்கள். என்ன காரணமோ, பலர் லேப்டாப்புக்குப் பணம் கேட்பார்கள், இதற்குக் கேட்க மாட்டார்கள்.

ஆவணம் தேடுபவர்களின் களம் டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். போகும் முன் அபிலேக் படல் என்ற தேசியக் காப்பகத் தளத்தில் கோப்பு எண்களைத் தேடிக் குறித்துக்கொண்டு போனால் நாட்கள் மிச்சமாகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் சட்டத்தின் 8(1)(அ) பிரிவு வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் தகவலுக்கு விலக்குத் தருகிறது. நம் விஷயத்தில் பாதி விண்ணப்பத்துக்கு அந்தப் பிரிவைத்தான் பதிலாக எதிர்பார்க்க வேண்டும். அதனால் நாடாளுமன்றக் கேள்வி-பதில்களையும் விவாதங்களையும் முதலில் சலித்து எடுங்கள். அங்கே அமைச்சர் சொன்னது அச்சில் இருக்கிறது, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். படகின் ஜிபிஎஸ் கருவியில் அது போன பாதை பதிவாகியிருக்கும். பொறியியலாளருக்கு அது எரிபொருள் கணக்கு. ஊரக ஆய்வாளருக்கு, இந்தப் பக்கம் மீன் குறைந்ததால் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்ற வாழ்வாதாரக் கணக்கு. கடலோரக் காவல் படைக்கு? எல்லை தாண்டியதற்கான ஆதாரம். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டப்படித் தடைசெய்தது, 2018-ல் அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. “அண்ணே, நீங்க அந்தப் பக்கம் போவீங்களா?” என்று கேட்பது, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதற்குச் சமம். கேட்கத்தான் வேண்டுமென்றால் பெயரும் படகுப் பதிவெண்ணும் குறிப்பேட்டில் இருக்கக் கூடாது. ஜிபிஎஸ் கோப்பை அப்படியே கட்டுரையோடு இணைத்து வெளியிடக் கூடாது. தரவை எல்லோருக்கும் திறந்து வைக்கச் சொல்லி இதழ்கள் கேட்கும் காலம் இது. எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது என்று கரைக்குப் போகும் முன்பே வழிகாட்டியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

இடையில் ஒரு கதை: ஒரு கம்பிச் சட்டம்

மூன்று துறையும் வேறு வேறு என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அவை வந்து முட்டிக்கொள்ளும் இடமும் இருக்கிறது. இறால் மடிக்குள் கடல் ஆமை மாட்டினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துவிடும். அதற்காக மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வைக்கிறார்கள். இறால் கம்பி இடைவெளியில் உள்ளே போகும், ஆமை சட்டத்தில் மோதிப் பக்கத்திலிருக்கும் திறப்பு வழியாக வெளியேறும். ஆமை விலக்குக் கருவி என்று பெயர். இந்தியக் கடலுக்கு ஏற்ற வடிவத்தை மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கியது. இதுவரை பொறியியல்.

இந்தக் கருவி இல்லாத நாடுகளின் இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னது. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான வழக்கு! 1998-ல் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்புச் சொன்னது: ஆமையைக் காப்பாற்றும் நோக்கம் சரிதான், ஆனால் அமெரிக்கா அதைச் செயல்படுத்திய விதத்தில் பாரபட்சம் இருக்கிறது. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டு தடையைத் தொடர்ந்தது. 2019-ல் இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடியது. வளர்ப்பு இறாலுக்கு இந்தத் தடை இல்லை.

அப்படியானால் கருவியை மாட்டிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். படகுக்காரரைக் கேட்டால், ஆமையோடு என் இறாலும் பெரிய மீனும் போகிறதே, அந்த நஷ்டம் யாருக்கு என்பார். எவ்வளவு போகிறது என்பது பொறியியல் கேள்வி. நஷ்டத்தைப் படகு முதலாளி தாங்குகிறாரா, பங்குக்காரர் தலையில் விழுகிறதா என்பது ஊரகக் கேள்வி. வாஷிங்டனில் யார் அழுத்தத்தால் அந்த விதி வந்தது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தனியொருவராக ஆய்வேட்டில் அடக்க நினைக்காதீர்கள், முடியாது. ஒன்றை ஆழமாக எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டில் எழுதப்பட்டதைத் தப்பில்லாமல் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: எழுத்து, இடம், காசு

பொறியியல் கட்டுரை பல பெயர்களோடு, சுருக்கமாக, முறை-முடிவு-விவாதம் என்று வகுத்த பாதையில் போகும். புவிசார் அரசியலில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான், முதல் பக்கத்திலேயே வாதத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊரக வளர்ச்சி இரண்டுக்கும் நடுவில், எண்ணும் வேண்டும் கதையும் வேண்டும் என்று கேட்கும். எந்த மொழியில் எழுதினாலும் பாடு, சங்காயம், முன்பணம் போன்ற சொற்களை அப்படியே வைத்து ஒரு முறை விளக்கிவிடுங்கள். ‘முன்பணம்’ என்பதை ‘அட்வான்ஸ்’ என்று மாற்றினால், அதைத் திருப்பிக் கட்டும்வரை வேறு படகுக்குப் போக முடியாது என்ற பொருள் காணாமல் போய்விடும்.

பிறர் எழுத்தை எடுத்தாள்வதில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி 10 விழுக்காடு ஒற்றுமை வரை தண்டனை இல்லை என்கிறது, அதற்கு மேல் படிப்படியாகத் தண்டனை ஏறும். மென்பொருள் 9 விழுக்காடு என்று காட்டியதால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு பத்தியைத் திருடினாலும் திருட்டுதான், அது 2 விழுக்காடாக இருந்தாலும். “மூன்று நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு” என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை அழித்துவிடுங்கள். தரமான இதழ்கள் எவை என்று காட்ட மானியக் குழு பராமரித்த கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டதால் நல்ல இதழ் எது என்று பார்த்துச் சொல்ல இப்போது பொதுப் பட்டியல் இல்லை. உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் ஐந்து பேர் எங்கே எழுதுகிறார்கள் என்று பாருங்கள், அதுவே பட்டியல்.

சேரும் இடம் பற்றிச் சுருக்கமாக. கடல்சார் பொறியியலுக்குச் சென்னை ஐஐடியும் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், வலை-படகு என்றால் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையமும் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகமும். ஊரக வளர்ச்சிக்குத் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம், சென்னையில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், வெளியே குஜராத்தின் ஆனந்தில் ஊரக மேலாண்மை நிறுவனம், ஐதராபாத்தில் தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனம். மூன்றாவதற்கு டெல்லி ஜேஎன்யு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு ஆய்வுத் துறை. நிறுவனத்தின் பெயரை விட வழிகாட்டி முக்கியம். அவரிடம் முன்பு சேர்ந்த மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று அந்த மாணவர்களிடமே, ஒரு டீக்கடையில் வைத்துக் கேளுங்கள். 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம், பொதுவாக அதிகபட்சம் ஆறு. ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர்கள் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாதியில் நின்றுபோகும் ஆய்வுகளில் பல அறிவுக் குறைவால் நிற்பதில்லை, வாடகையால் நிற்கின்றன.

முதல் மாதத்துக்கு ஒரு வேலைத்திட்டம்: ஒரு தாளில் மூன்று கேள்விகள். ஷோத்கங்காவில் ஐந்து ஆய்வேடுகள், முழுக்க வேண்டாம், முறையியல் அத்தியாயம் மட்டும். மூல ஆவணம் ஒன்று, அது ஒப்பந்தமானாலும் அரசாணையானாலும் வலையின் வரைபடமானாலும் சரி, வரி வரியாக. அப்புறம் ஒரு நேரடிப் பயணம், கேள்விப் படிவம் இல்லாமல், சும்மா பார்க்க. ராமேஸ்வரம் போவதாக இருந்தால் பஸ் ஏறும் முன் அங்கே தெரிந்த யாருக்காவது போன் போட்டு ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக்கு டோக்கன் உண்டா? புயல் எச்சரிக்கையோ வேலைநிறுத்தமோ இருந்தால் மீன்துறை கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனைக் கொடுக்காது. டோக்கன் இல்லையென்றால் படகு கரையில்தான் கிடக்கும்.